ஒரு நாள் சம்பளம் 7 லட்சம்! ஒரு நாள் கூலி 336!

ஒரு நாள் சம்பளம் 7 லட்சம் ரூபாய்!

கதை அல்ல. கம்பெனியே அச்சடித்து வெளியிட்ட கணக்கு.

டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் என்பது நம் நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. அதன் தலைமை அதிகாரி கிருத்திவாசன். கோவையில் என்ஜினீயரிங் படித்தவர். 1989ல் அந்தக் கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தலைமை நாற்காலிக்கு வந்தவர்.

2024-25ஆம் ஆண்டில் அவர் பெற்ற ஊதியம் 26 கோடியே 52 லட்சம் ரூபாய். இதை 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 7 லட்சத்து 26 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2025-26ல், தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி எவ்வளவு? நாள் ஒன்றுக்கு 336 ரூபாய்.

இந்தக் கூலியில் ஒருவர் வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (அப்போது 100 நாளுக்கு மேல் அந்த வேலை கிடையாது என்பது வேறு விஷயம்.) அந்த 26 கோடியே 52 லட்சத்தைச் சம்பாதிக்க, அவர் 2 ஆயிரத்து 600 ஆண்டு மண் வெட்டவேண்டும். புத்தர் பிறந்த காலத்தில் மண்வெட்டியைக் கையில் எடுத்திருந்தால், இப்போதுதான் முடித்திருப்பார்!

"இது அநியாயம்" என்கிறார்கள் சிலர். "திறமைக்கு விலை உண்டு, இதில் என்ன தப்பு?" என்கிறார்கள் வேறு சிலர்.

யார் சொல்வது சரி?

காந்தி போட்ட கணக்கு

இந்த மாதிரிக் கணக்கு புதிது அல்ல. 1930லேயே ஒருவர் போட்டுக் காட்டினார். அவர் மகாத்மா காந்தி.

1930 மார்ச் 2ந்தேதி, உப்பு சத்தியாக்கிரகம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால், வைசிராய் இர்வின் பிரபுவுக்குக் காந்தி ஒரு கடிதம் எழுதினார். அதில் வைசிராயின் சம்பளத்தையே எடுத்துப் பேசினார்.

வைசிராய்க்கு மாதம் 21 ஆயிரம் ரூபாய் சம்பளம். அதாவது, நாள் ஒன்றுக்கு 700 ரூபாய். அப்போது ஓர் இந்தியனின் சராசரி வருமானம் நாள் ஒன்றுக்கு 2 அணாகூட இல்லை.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஆகவே, ஒரு ரூபாயில் 8 பேருடைய ஒரு நாள் வருமானம் அடங்கிவிடும். 700 ரூபாயில்? 5 ஆயிரத்து 600 பேருடைய வருமானம்! "இந்தியனின் சராசரி வருமானத்தைப் போல 5 ஆயிரம் மடங்குக்கு மேல் நீங்கள் வாங்குகிறீர்கள்" என்று காந்தி சுட்டிக்காட்டினார்.

அதோடு விடவில்லை. இங்கிலாந்துப் பிரதம மந்திரி தம் நாட்டு மக்களின் சராசரி வருமானத்தைப் போல 90 மடங்குதான் வாங்குகிறார் என்றும் எழுதினார். உங்கள் ஊரில் 90 மடங்கு, எங்கள் ஊரில் 5 ஆயிரம் மடங்கா என்பது கேள்வி. இர்வின் பிரபுவைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்லவில்லை என்றும், அந்தப் பணம் அவருக்குத் தேவைகூடப் படாது என்றும் சேர்த்துச் சொன்னார். முறைதான் தவறு என்பது அவர் வாதம்.

அடுத்த வருஷம், 1931ல், கராச்சியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. "சுதந்திர இந்தியாவில் சர்க்கார் அதிகாரி யாருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது" என்று தீர்மானம் போட்டார்கள். 1937ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்-மந்திரி ஆனபோது, மந்திரிகள் மாதம் 500 ரூபாய்தான் சம்பளம் வாங்கினார்கள்.

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனால், இடது பக்கம் சிறுமலை கூடவே வரும். அந்த மலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், காந்திகிராமம் இருக்கிறது. 1947ல் அதைத் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ராமச்சந்திரனும். சௌந்தரம் யார் தெரியுமா? டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள்! பெரிய முதலாளி வீட்டுப் பெண், காந்தியின் வழியில் கிராமத்துக்கு வந்து ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடத்தினார்.

சர்க்காரில் இடைவெளி குறைந்தது

சுதந்திரம் வந்த பிறகு 500 ரூபாய் வரம்பு நிலைக்கவில்லை. ஆனால் இடைவெளி குறைந்தது உண்மை.

1947ல் முதல் ஊதியக் குழு சிபாரிசு செய்தபோது, கடைசிச் சிப்பந்திக்கு 55 ரூபாய். உச்சியில் இருப்பவருக்கு 2 ஆயிரம் ரூபாய். இது 36 மடங்கு.

2016ல் அமலுக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில், கடைசிச் சிப்பந்திக்கு 18 ஆயிரம். உச்சியில் இருக்கும் மந்திரிசபைச் செயலாளருக்கு இரண்டரை லட்சம். இது 14 மடங்கு.

ஆக, சர்க்கார் ஆபீசில் 36 என்பது 14 ஆகியது. கம்பெனிகளில் நடந்தது இதற்கு நேர் மாறு.

தூத்துக்குடியில் 9 நாள்

கம்பெனி விஷயத்துக்கு வருமுன், தூத்துக்குடிக்குப் போய் வருவோம்.

அங்கே கோரல் மில் என்று ஒரு நூற்பாலை. ஹார்வி என்ற வெள்ளைக்காரர்கள் நடத்தியது. மில்லில் நல்ல லாபம். பங்குதாரர்களின் பங்குக்கு நல்ல வருமானம். தொழிலாளிக்கோ சொற்பக் கூலி. ஞாயிற்றுக்கிழமை லீவுகூடக் கிடையாது.

1908 பிப்ரவரி 23ந்தேதி கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொழிலாளர்களிடையே பேசினார். நான்கு நாள் கழித்து மில் நின்றது. 9 நாள் வேலை நிறுத்தம். கடைசியில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியைக் கூட்டவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை லீவு விடவும் ஒப்புக்கொண்டது.

அந்த வெற்றியின் ருசி அடங்குவதற்குள், மார்ச் மாதமே, சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்தார்கள். பிறகு நடந்தது தமிழர் எல்லோருக்கும் தெரியும்.

"லாபம் ஒரு பக்கம் ஏறுகிறது, கூலி ஏன் ஏறவில்லை?" தூத்துக்குடியில் எழுந்த கேள்வி இதுதான். இன்றைய வாதத்திலும் இதே கேள்விதான் இருக்கிறது.

100 ரூபாயில் மிஞ்சியது இரண்டேகால்

அந்தக் காலத்துக் கம்பெனிகளை "மானேஜிங் ஏஜெண்டுகள்" நடத்தினார்கள். கம்பெனி ஷேர்காரர்களுடையது. நடத்துகிறவர் ஏஜெண்டு. நடத்துவதற்குக் கமிஷன். சிலர் லாபம் வந்தாலும் கமிஷன், வராவிட்டாலும் கமிஷன் என்று எடுத்தார்கள்.

இதற்கு 1956ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் கடிவாளம் போட்டது. ஒரு பப்ளிக் கம்பெனியில், நடத்துகிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து நிகர லாபத்தில் 11 சதவிகிதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சொன்னது. 1970 ஏப்ரல் 3ந்தேதி, மானேஜிங் ஏஜெண்டு முறையே ஒழிந்தது.

சட்டத்தைவிடப் பெரிய கடிவாளம் வருமான வரி. 1973-74ல் உச்ச வரி எவ்வளவு தெரியுமா? 97.75 சதவிகிதம்! 2 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால், ஒவ்வொரு 100 ரூபாயிலும் கையில் மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய்தான். பிறகு யார் பெரிய சம்பளம் கேட்பார்கள்? பங்களா, கார், தோட்டக்காரன் என்று சலுகையாக வாங்கிக்கொண்டார்கள். சம்பளம் குறைவாகத் தெரிந்தது, வசதி குறையவில்லை.

1991ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. சர்க்கார் பிடி தளர்ந்தது. 1997ல் ப.சிதம்பரம் போட்ட பட்ஜெட்டில் உச்ச வரி 30 சதவிகிதமாக இறங்கியது. அதன்பிறகு மேல் சம்பளம் பறக்கத் தொடங்கியது.

ஆளுக்கு 87 கோடி

தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சன் டி.வி. கம்பெனியின் தலைவர் கலாநிதி மாறனும் அவர் மனைவி காவேரி கலாநிதியும் 2017-18ல் பெற்ற ஊதியம், ஆளுக்கு 87 கோடியே 50 லட்சம் ரூபாய். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 24 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. கம்பெனி அவர்கள் தொடங்கியது. லாபமும் கொழிக்கிறது. பங்குதாரர்களின் ஒப்புதலும் இருந்தது. சட்டப்படி குறை சொல்ல இடம் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. முகேஷ் அம்பானி 2008-09ல் இருந்து தம் சம்பளத்தை 15 கோடியோடு நிறுத்திக்கொண்டார். 2020-21 முதல் சம்பளமே வேண்டாம் என்றார். "ஆகா!" என்று சொல்லும் முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பங்கு வைத்திருக்கும் முதலாளிக்குச் சம்பளம் ஒரு பை. டிவிடெண்டு இன்னொரு பை. ஒரு பை காலியாக இருந்தால் இன்னொன்றும் காலி என்று அர்த்தம் அல்ல. அம்பானி போன்றவர்களுக்குச் சம்பளம் என்பது சில்லறை.

ஆனால் மாதச் சம்பளக்காரர் என்று உள்ளே வந்து உச்சிக்குப் போனவர்கள் கதை வேறு. சர்ச்சை சூடு பிடித்தது அங்கேதான்.

2007 மே மாதம் பிரதம மந்திரி மன்மோகன் சிங், தொழில் அதிபர்கள் கூட்டத்துக்குப் போய், "உயர் அதிகாரிகளுக்கு அளவுக்கு மீறிய சம்பளம் கொடுப்பதைத் தவிருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர் பொருளாதாரம் படித்தவர். 1991ல் கதவைத் திறந்துவிட்டவரும் அவரே. சபையில் கேட்டுக்கொண்டார்கள். சம்பளம் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை!

2017ல் இன்போசிஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி பகிரங்கமாகவே ஆட்சேபித்தார். பெரும்பாலான ஊழியர்களுக்கு 6 முதல் 8 சதவிகிதம் உயர்வு. மேலே ஒருவருக்கு மட்டும் 60 முதல் 70 சதவிகிதம் உயர்வா? இது முறை அல்ல என்றார். கம்பெனியைத் தொடங்கியவரே இப்படிப் பேசியது தொழில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பட்டதாரியின் நிலை என்ன? 2012ல் வருஷச் சம்பளம் இரண்டரை லட்சத்தை ஒட்டி இருந்தது. பத்து வருஷம் கழித்து மூன்றரை லட்சத்தை ஒட்டி நின்றது. அரிசி, வீட்டு வாடகை, பஸ் கட்டணம் ஏறியதைக் கழித்தால், பையன் அதே இடத்தில்தான் நிற்கிறான். கடன் வாங்கி என்ஜினீயரிங் படிக்க வைத்த தகப்பனாருக்கு இது தெரியும்.

நடுவில் நிற்பவர்

2013ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதில் ஒரு நல்ல பிரிவு உண்டு. பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும், தன் டைரக்டர் ஒவ்வொருவரும் "நடு ஊழியரை" விட எத்தனை மடங்கு வாங்குகிறார் என்று ஆண்டறிக்கையில் சொல்லவேண்டும்.

நடு ஊழியர் என்றால் யார்? ஒரு கம்பெனியில் 101 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் குறைந்தவரில் தொடங்கி, கூடியவர் வரை வரிசையாக நிறுத்துங்கள். 51வது ஆள் யாரோ, அவர்தான் நடு ஊழியர். அவருக்கு முன்னால் 50 பேர், பின்னால் 50 பேர்.

இந்தக் கணக்குப்படி, கிருத்திவாசனின் 2024-25 ஊதியம் நடு ஊழியரைப் போலச் சுமார் 330 மடங்கு.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் நிரந்தர ஊழியர்களை வைத்தே கணக்குப் போடுகின்றன. கேட்டில் நிற்கும் காவலாளி, கூட்டிப் பெருக்கும் அம்மாள், காண்டிராக்டில் வந்த கூலியாள் ஆகியோர் அந்த வரிசையிலேயே நிற்பதில்லை. அவர்களையும் நிறுத்தினால் மடங்கு இன்னும் ஏறும்.

தலைக்கு 436 ரூபாய்

சரி, எதிர்த்தரப்பு வாதம் என்ன? அதையும் கேட்கவேண்டும் அல்லவா?

முதல் வாதம்: பொறுப்பு. லட்சக்கணக்கான பேர் வேலை செய்யும் கம்பெனியில் தலைவர் ஒரு முடிவு தப்பாக எடுத்தால், ஆயிரக்கணக்கான குடும்பம் தெருவுக்கு வரும்.

இரண்டாவது: போட்டி. நல்ல ஆளுக்கு நாம் கொடுக்காவிட்டால் அடுத்த கம்பெனி கொடுக்கும்.

மூன்றாவதுதான் கனமான வாதம். பெரியவர் சம்பளத்தைப் பிடுங்கி எல்லோருக்கும் பங்கிட்டால் என்ன கிடைக்கும்? டாட்டா கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் மாத முடிவில் அங்கே 6 லட்சத்து 7 ஆயிரத்து 979 ஊழியர்கள். 26 கோடியே 52 லட்சத்தை இவர்களுக்குப் பங்கிட்டால், தலைக்கு 436 ரூபாய். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! மாதம் 36 ரூபாய். மூன்று டீ குடிக்கலாம்.

இந்தக் கணக்கு சரிதான். ஆகவே "மேலே குறைத்தால் கீழே ஏறிவிடும்" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆனால் ஊழியர் மனத்தில் இருப்பது இந்த 436 ரூபாய் அல்ல. 2025 ஜூலையில் அதே கம்பெனி, சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கஷ்ட காலம் வந்தால் வீட்டுக்குப் போகிறவர் கீழே இருப்பவர். நல்ல காலம் வந்தால் வருமானம் பெருகுகிறவர் மேலே இருப்பவர். வயிற்றெரிச்சல் அங்கேதான்.

"நல்ல ஆள் கிடைக்கமாட்டார்" என்ற வாதத்துக்கும் ஓர் உறுத்தலான உதாரணம் உண்டு. நம் நாட்டின் மிகப் பெரிய பாங்கி ஸ்டேட் பாங்கி. 2022-23ல் அதன் தலைவர் தினேஷ் காரா வாங்கிய சம்பளம் 37 லட்சம். அதே வருஷம் தனியார் துறையில் எச்.டி.எப்.சி. பாங்கியின் தலைவர் சசிதர் ஜகதீசன் வாங்கியது 10 கோடியே 55 லட்சம். ஒரே தொழில். ஒரே ரிசர்வ் பாங்கியின் கண்காணிப்பு. சம்பளம் மட்டும் 28 மடங்கு வித்தியாசம்! 37 லட்சத்துக்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது சொல்லமுடியுமா?

ஓட்டில் விழுந்த தீர்மானம்

புல்லட் மோட்டார் சைக்கிளைத் தெரியாதவர் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் தயாரான வண்டி. அந்த வண்டியைச் செய்யும் ஐஷர் மோட்டார்ஸ் கம்பெனியில் 2021ல் ஒரு விசித்திரம் நடந்தது.

சித்தார்த்த லால் அப்போது அதன் மானேஜிங் டைரக்டர். விலைபோகாமல் கிடந்த புல்லட்டுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர் என்று பெயர் எடுத்தவர். கம்பெனியின் பங்குகளில் ஏறக்குறையப் பாதி அவர் குடும்பத்திடமே இருந்தது.

அவரை மறுபடியும் 5 வருஷத்துக்கு நியமித்துச் சம்பளம் வகுக்கும் தீர்மானம் 2021 ஆகஸ்டு 17ந்தேதி பங்குதாரர்கள் முன்னால் வந்தது. தீர்மானம் நிறைவேற 75 சதவிகித ஓட்டு வேண்டும். கிடைத்தது சுமார் 73. தீர்மானம் தோற்றது!

அவர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சம்பள உயர்வுதான் கண்ணை உறுத்தியது. அது கொரோனா காலம். வியாபாரம் மந்தம். இந்த நேரத்தில் உயர்வா என்று பெரிய முதலீட்டாளர்கள் கேட்டார்கள். டைரக்டர்கள் கூடி, அவர் எடுக்கக்கூடிய உச்ச அளவை லாபத்தில் 3 சதவிகிதத்தில் இருந்து ஒன்றரை சதவிகிதமாகக் குறைத்தார்கள். மறுபடி ஓட்டு எடுத்தார்கள். நிறைவேறியது.

ஆகவே "பெரிய சம்பளத்தைத் தடுக்கவே முடியாது" என்பது சரி அல்ல. ஆனால் தடுத்தது யார்? பங்குதாரர். வண்டியை மாட்டிப் பூட்டும் தொழிலாளிக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டுக் கிடையாது.

பைலட்டைவிடக் குறைந்த சம்பளம்

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் 1965ல், பெரிய கம்பெனித் தலைவருக்கும் சாதாரணத் தொழிலாளிக்கும் 21 மடங்கு வித்தியாசம். 2023ல் 290 மடங்கு. அந்நாட்டின் பொருளாதாரக் கொள்கை நிலையம் போட்ட கணக்கு இது.

சுவிட்சர்லாந்தில் மக்களிடமே கேட்டுவிட்டார்கள். "ஒரு கம்பெனியில் கடைசி ஆள் ஒரு வருஷத்தில் வாங்குவதைவிட அதிகமாகத் தலைவர் ஒரு மாதத்தில் வாங்கக்கூடாது" என்று ஒரு யோசனை. அதாவது, 12 மடங்குக்கு மேல் கூடாது. 2013 நவம்பர் 24ந்தேதி ஓட்டெடுப்பு. 100க்கு 65 பேர் "வேண்டாம்" என்றார்கள். கம்பெனிகள் நாட்டை விட்டே போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். ஆனால் அதே வருஷம் மார்ச்சில், "தலைவர்களின் சம்பளத்தைப் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும், போகிறபோது கொடுக்கும் பெரும் பண முடிப்புக் கூடாது" என்ற யோசனைக்கு 100க்கு 68 பேர் "சரி" என்றார்கள்.

ஜப்பான் கதை இன்னும் சுவையானது. ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடியது. அதன் தலைவர் நிஷிமட்சு தம் சம்பளத்தைத் தம் பைலட்டுகளின் சம்பளத்தைவிடக் கீழே இறக்கிக்கொண்டார். டவுன் பஸ்சில் ஆபீசுக்கு வந்தார். காண்டீனில் வரிசையில் நின்று தட்டை ஏந்தினார். உலகமே பாராட்டியது.

ஆனால் 2010 ஜனவரியில் அந்தக் கம்பெனி திவால் ஆகிவிட்டது!

எளிமை மட்டும் கம்பெனியைக் காப்பாற்றாது என்றுதானே தோன்றுகிறது? கதை இன்னும் இருக்கிறது. அடுத்து வந்தவர் இனமோரி. வயது 78ஐ நெருங்கிய மனிதர். பௌத்தத் துறவியாகத் தீட்சை பெற்றவர். அவர் ஒரு காசுகூடச் சம்பளம் வாங்கவில்லை. 2012ல் கம்பெனி லாபத்தோடு மறுபடியும் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது.

திண்டுக்கல் மில்களில்

இனி நம் ஊருக்கு வருவோம்.

திண்டுக்கல் என்றால் முன்பு பூட்டு, தோல், சுருட்டு. பூட்டுப் பட்டறையில் முதலாளியும் தொழிலாளியும் எதிர் எதிரே உட்கார்ந்து அரம் ராவினார்கள். மாங்காய்ப் பூட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளி என்ன சாப்பிடுகிறார், தொழிலாளி என்ன சாப்பிடுகிறார் என்பது இருவருக்கும் தெரியும். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறைகள் குறைந்துவிட்டன.

இப்போது வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கம் நூற்பாலைகள். விடியற்காலையில் கிராமம் கிராமமாக மில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஷிப்டுக்கு 8 மணி நேரம். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். சைடர் வேலை செய்யும் பெண் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அறுந்த நூலை முடிந்துகொண்டே இருக்கவேண்டும். ஒடிசா, பீகாரில் இருந்து வந்தவர்களும் விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் "சுமங்கலித் திட்டம்" என்று இந்தப் பக்கத்து மில்கள் பலவற்றில் ஆள் எடுத்தார்கள். மூன்று வருஷம் வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகச் சில பத்தாயிரம் ரூபாய். ஏழைத் தாய் தகப்பனுக்கு அது பெரிய தொகை. அந்தத் தொகை மாதா மாதம் பெண்ணின் கூலியில் இருந்து பிடித்து வைத்ததுதான் என்பது பலருக்குப் பிறகுதான் புரிந்தது. இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண் வெறுங்கையோடு வந்தாள். பல தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது.

மில் முதலாளிகளுக்கும் சொல்ல ஒரு பக்கம் இருக்கிறது. பஞ்சு விலை அவர்கள் கையில் இல்லை. மின்சாரக் கட்டணம் அவர்கள் கையில் இல்லை. 2023 ஜூலையில் நஷ்டம் தாங்காமல் சிறு, நடுத்தர மில்கள் உற்பத்தியை நிறுத்தின. டாட்டா கம்பெனியின் கணக்கை வைத்து ஒரு சின்ன மில்லை எடை போட முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம். டாட்டா கம்பெனி 330 மடங்கு என்று அச்சடித்துச் சொல்லவேண்டும். திண்டுக்கல் மில்களில் பெரும்பாலானவை குடும்பத்தார் நடத்தும் தனியார் கம்பெனிகள். பங்குச் சந்தையில் இல்லாதவை. அவர்கள் மடங்குக் கணக்கை யாருக்கும் காட்டவேண்டியது இல்லை.

கூலிக்கு ஒரு கணக்கு, மேல் சம்பளத்துக்கு ஒரு கணக்கு என்பதையும் கவனியுங்கள். 1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடி, குறைந்தபட்சக் கூலிக்கு வழி வகுத்தது. ஆளுக்கு 2 ஆயிரத்து 700 காலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை; விறகு, விளக்கு முதலிய செலவுக்கு 20 சதவிகிதம். உயிர் தரிக்க எவ்வளவு வேண்டும் என்று அரிசியையும் துணியையும் அளந்தார்கள். மேல் சம்பளத்துக்கு யாரும் அரிசியை அளப்பதில்லை. லாபத்தில் இத்தனை சதவிகிதம் என்கிறார்கள். லாபம் ஏறினால் அது தானாக ஏறும். கூலி ஏற, யாராவது கேட்கவேண்டும்.

2025 நவம்பர் 21ந்தேதி, 2019ஆம் வருஷத்துக் கூலிச் சட்டம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. பழைய 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதற்குள் அடக்கம். எந்தத் தொழிலானாலும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது இது. இன்ன தொகைக்குக் கீழே எந்த மாநிலமும் கூலி வைக்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் ஒரு அடிமட்டமும் நிர்ணயிக்க வேண்டும்.

அதோடு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளச் சீட்டு கொடுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. மொத்தக் கூலி எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடித்தார்கள், விடுதிக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, பி.எப்.புக்கு எவ்வளவு என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். மில்லுக்குப் போகும் பெண் வீட்டில் இருந்தால், அடுத்த சம்பள நாளன்று அந்தச் சீட்டை வாங்கி வரச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.